ஜம்ப் ரேஞ்சை ஏத்துறதுக்காக இத்தனை மெனக்கெடணுமா? (எலைட் டேஞ்சரஸ், மத்த விண்வெளி கேம்களும்)

#1 பால்வழிப்பயணி

எல்லாருக்கும் வணக்கம். எலைட் டேஞ்சரஸ் ஆட ஆரம்பிச்சு மூணு மாசம் ஆகுது. ஆரம்பத்துல கிடைக்கிற சைட்வைண்டர் கப்பல்ல 7 ஒளியாண்டு தாவித் தாவிக் கடுப்பாகி, ஒருவழியா ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் வாங்கிட்டேன். இப்ப ரேஞ்ச், அதாவது ஒரே தாவல்ல போற தூரம், 31 ஒளியாண்டு. கொலோனியாங்கிற தூரத்துக் குடியிருப்புப் பகுதிக்குப் போகணும்னு ஆசை. சூரியனிலிருந்து 22,000 ஒளியாண்டு.

யாரைக் கேட்டாலும் "முதல்ல ரேஞ்சை 60க்கு மேல ஏத்து, அப்புறம் கிளம்பு"ங்கிறாங்க. அதுக்கு ஃபார்சியர்ங்கிற, கப்பலை மேம்படுத்துற என்ஜினியர் கிட்ட போகணும், அவங்க மெட்டா அலாய்ங்கிற ஒரு பொருளைக் கேப்பாங்க, டேட்டா சேர்க்கணும், கார்டியன்ங்கிற பழைய வேற்றுகிரக இனத்தோட இடிபாட்டுக்குப் போய் ரேஞ்சைக் கூட்டுற பூஸ்டர் அன்லாக் பண்ணணும். எல்லாம் முடிக்க என் நேரத்துக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும்.

நான் கேக்குறது இதுதான். அந்த ரெண்டு வாரத்துல நான் கொலோனியாவுக்கே போய்ச் சேர்ந்திருப்பேனே? ரேஞ்ச் அவ்வளவு முக்கியமா, இல்ல எல்லாரும் ஒரு நம்பரைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கிறாங்களா?

#2 மூன்றாம்பிறை

முக்கியம். யோசிக்கவே வேணாம். ரேஞ்ச் இல்லாம தூரப் பயணம் போறது தண்டனை.

#3 கருந்துளை

மூன்றாம்பிறை எப்பவும் ரெண்டு வரியில தீர்ப்பு சொல்லிட்டுப் போயிடுவார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

22,000 ஒளியாண்டு. ரேஞ்ச் 31ன்னா நேர்கோட்டுல 710 தாவல். 60ன்னா 367. நடுவுல நட்சத்திரங்கள் நமக்குத் தோதா வரிசைகட்டி நிக்காது, அதனால ரெண்டுமே கொஞ்சம் கூடும், ஆனா விகிதம் மாறாது. மிச்சம் சுமார் 340 தாவல். நான் ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்த்திருக்கேன். சார்ஜ் ஆகுறது, சுரங்கம் மாதிரி அந்த நீலக் காட்சி, வந்து இறங்கி நட்சத்திரத்தைச் சுத்தி எரிபொருள் அள்ளுறது, அடுத்த இலக்கைக் குறிவைக்கிறது எல்லாம் சேர்த்து என் கையில ஒரு தாவலுக்குச் சராசரி 50 விநாடி. 340 தாவல்னா ஏறத்தாழ 4 மணி 45 நிமிஷம்.

இப்ப சொல்லுங்க, என்ஜினியரிங்கை முழுசா முடிக்க எத்தனை மணி நேரம்? புதுசா ஆரம்பிக்கிறவருக்கு 4 மணி 45 நிமிஷத்துல முடியுமா? போக மட்டும்னா நஷ்டம். போய்த் திரும்பி வந்தா ஏறக்குறைய சமம். அதுக்கப்புறமும் வெளிய சுத்துறவராயிருந்தாதான் லாபக் கணக்கே தொடங்குது.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. 60லிருந்து 70க்கு ஏத்த சிலர் உயிரை விடுறாங்க. அது 367லிருந்து 315. வெறும் 52 தாவல், முக்கால் மணி நேரம்கூட இல்ல. 31லிருந்து 41க்குப் போனா அதே 10 ஒளியாண்டுதான், ஆனா 170க்கு மேல தாவல் குறையுது. அடியில இருக்கிறவனுக்கு ஒவ்வொரு ஒளியாண்டும் தங்கம். உச்சியில இருக்கிறவனுக்கு அது வெறும் நகை.

#4 சரக்குமூட்டை

கருந்துளை சொன்னது நீண்ட பயணத்துக்குச் சரி. சரக்கு ஓட்டுற எங்க கதையே வேற.

எனக்கு ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல 28 ஒளியாண்டுன்னு வெச்சுக்குங்க. சரக்கு ஏத்தின நிலையில என் கப்பல் ரேஞ்ச் 27.6. ரெண்டு தாவல். ரேஞ்சை 27.9 ஆக்கினாலும் ரெண்டு தாவல்தான். 28.1 ஆக்கினா ஒண்ணு. அதுக்கு மேல 40 ஆக்கினாலும் அதே ஒண்ணு. படிக்கட்டு மாதிரி. படிக்கு நடுவுல நிக்கிற நம்பருக்கு மதிப்பே கிடையாது. அதனால நாங்க "எவ்வளவு ரேஞ்ச்"னு கேக்க மாட்டோம், "எந்த ரூட்டுக்கு"ன்னுதான் கேப்போம்.

கப்பல் வாங்குற இடத்துல காட்டுற ரேஞ்சைப் பார்த்து ஏமாறாதீங்க தம்பி. அது காலிக் கப்பலுக்கு. மூட்டை ஏறினதும் கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதையாயிடும்.

#5 பால்வழிப்பயணி

கருந்துளை அண்ணா, அந்தக் கணக்கைத்தான் நான் தேடிட்டிருந்தேன். நன்றி. ஆனா ஒரு சந்தேகம். சரக்கு ஏத்தினா ஏன் ரேஞ்ச் அவ்வளவு விழுது? என்ஜின் அதே என்ஜின்தானே?

#6 ஒத்தையடிப்பாதை

இதுக்கு நான் பதில் சொல்றேன், எனக்குப் பிடிச்ச பாடம்.

இந்த கேம்ல ரேஞ்ச்ங்கிறது என்ஜினோட குணம் மட்டும் இல்ல. என்ஜினுக்கு "உகந்த நிறை"ன்னு ஒரு எண் உண்டு. அதைக் கப்பலோட மொத்த நிறையால வகுக்கிற மாதிரிதான் கணக்கு. நிறை ரெண்டு மடங்கானா ரேஞ்ச் பாதி. ஆஸ்ப்ல போடுற 5ஏ என்ஜினுக்கு (எஸ்சிஓங்கிற புது வேக வசதி இல்லாத பழைய வகை) உகந்த நிறை 1,050 டன். ஒரு தாவலுக்கு அது அதிகபட்சம் 5 டன் எரிபொருள் குடிக்கும், அதுக்கு மேல ஏறாது. உங்க கப்பல் எரிபொருளோட சேர்த்து 400 டன்னு வெச்சுக்கிட்டா ரேஞ்ச் 31ஐ ஒட்டி வரும். அதையே 350க்கு இறக்கினா 35. ஃபார்சியர் கிட்ட போகாம, எந்த மெட்டா அலாயும் இல்லாம!

எடையை எப்படி இறக்குறதுன்னா: லைஃப் சப்போர்ட், சென்சார், பவர் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாத்துக்கும் டி ரேட்டிங் (பாகங்களோட தரத்தைக் குறிக்கிற எழுத்து) போடுங்க. அந்த அளவுலயே லேசானது டிதான். புதுசா வர்றவங்க "ஏ" ரேட்டிங்தான் உசத்தின்னு எல்லாத்துக்கும் ஏ போட்டு கப்பலைக் குண்டாக்கிடுவாங்க. என்ஜினுக்கு மட்டும் ஏ. ஆயுதத்தைக் கழட்டிடுங்க, கொலோனியா வழியில யாரைச் சுடப்போறீங்க?

எடை எவ்வளவு முக்கியம்னு புரியணும்னா அனகோண்டாவைப் பாருங்க. விளையாட்டுலயே பெரிய கப்பல்கள்ல ஒண்ணு, ஆனா அதன் கூடு வெறும் 400 டன். அதே அளவு என்ஜின் போடுற ஃபெடரல் கார்வெட் கூடு 900 டன். அதனாலதான் அந்தத் திமிங்கலம் பறவை மாதிரித் தாவுது, கார்வெட் தவழுது. ஏன் அனகோண்டாவுக்கு மட்டும் இந்தச் சலுகைன்னு கேட்டுச் சண்டை போட்டே ஒரு தலைமுறை போயிடுச்சு.

#7 மூன்றாம்பிறை

ஒத்தையடிப்பாதை, நீங்க சொன்னதெல்லாம் ரேஞ்சை எப்படி ஏத்துறதுன்னு. அப்ப முக்கியம்னுதானே அர்த்தம் :)

#8 நத்தைவேகம்

இந்த எடை குறைக்கிற வைத்தியத்துக்கு ஒரு பக்கவிளைவு இருக்கு. என் சொந்தக் கதை, கேட்டுட்டுச் சிரிங்க.

போன வருஷம் நானும் இப்படித்தான் கிறுக்குப் பிடிச்சுக் கப்பலை உரிச்சேன். ஷீல்டு வேணாம், தூக்கிப் போடு. த்ரஸ்டர் இவ்வளவு பெருசா எதுக்கு, கப்பல் நகர்ற அளவுக்கு ஆகச் சின்னதா ஒண்ணு போதும். அரை டன், கால் டன்னுன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து குறைச்சேன். கடைசியில ரேஞ்ச் 3 ஒளியாண்டு கூடுச்சு. பெருமை தாங்கல.

கிளம்பி ஐந்து வாரம். ஏகப்பட்ட கிரகங்கள், பாதிக்கு மேல முதல் கண்டுபிடிப்பு, ஸ்கேன் டேட்டா எல்லாம் கப்பல்லயே இருக்கு, இன்னும் எங்கயும் விக்கல. ஒரு செந்நிறக் கிரகம், மேல ஏதோ உயிரித் தடயம்னு காட்டுச்சு. இறங்கினேன். ஈர்ப்பு எவ்வளவுன்னு பார்க்கவே இல்ல. 3 ஜிக்கும் மேல. 2 கிலோமீட்டர் உயரத்துல மூக்கைக் கீழ சாய்ச்சேன், அப்புறம் நிமிர்த்தப் பார்த்தா அந்தச் சுண்டைக்காய் த்ரஸ்டருக்குத் தெம்பு இல்ல. உயரமானி 900, 500, 200னு ஓடுது, நான் மேல் த்ரஸ்ட் பொத்தானை அழுத்துன அழுத்துல விரல் வலிச்சது. ஷீல்டும் இல்ல. தரையைத் தொட்டதும் திரை வெள்ளையாச்சு.

கப்பலை இன்ஷூரன்ஸ்ல திருப்பி வாங்கிடலாம். டேட்டா போனது போனதுதான். ஐந்து வாரம்! 3 ஒளியாண்டுக்காக.

இப்ப என் கப்பல்ல சின்னதா ஒரு ஷீல்டு, ஓரளவு நல்ல த்ரஸ்டர். ரேஞ்ச் 52. எனக்கு அது போதும். பேரே நத்தைவேகம்னு மாத்திக்கிட்டேன்.

#9 கருந்துளை

ஆழம் தெரியாம காலை விட்டுட்டு... ஐயோ பாவம். அந்த டேட்டாவை நினைச்சா எனக்கே வயிறு எரியுது.

#10 ஸ்கூப்ராணி

ரேஞ்சைப் பத்திப் பேசுற யாரும் எரிபொருளைப் பத்திப் பேசலையே. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னினது.

ஒத்தையடிப்பாதை அண்ணா சொன்ன அந்த 5 டன் இருக்கே, அது முழு ரேஞ்சுக்குத் தாவினா. ஆஸ்ப் டேங்க் 32 டன். முழுசா நீட்டித் தாவினா ஆறு தாவல்ல டேங்க் காலி. ஆனா பாதித் தூரம் தாவினா பாதி எரிபொருள் ஆகும்னு நினைக்காதீங்க. அந்த என்ஜினுக்கு தூரத்தோட 2.45 அடுக்குல செலவு ஏறும். பாதித் தூரத்துக்கு 18 சதவீதம்தான் ஆகும். அதே தூரத்தை ரெண்டு அரைத் தாவலாப் போனா மொத்தச் செலவு மூணுல ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கேலக்ஸி மேப்ல சிக்கன வழி, வேக வழின்னு ரெண்டு வெச்சிருக்கிறதே இதுக்குத்தான்.

அதனால ரேஞ்ச் கூடக்கூட நீங்க ஸ்கூப்பையும், அதாவது நட்சத்திரத்திலிருந்து எரிபொருள் அள்ளுற கருவியையும், பெருசாக்கணும். இல்லேன்னா தாவல் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு நட்சத்திரத்துப் பக்கத்துலயும் சூட்டுல வெந்துக்கிட்டே நின்னு குடிச்சிட்டிருப்பீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் 65 ரேஞ்ச் கப்பலுக்குச் சின்ன ஸ்கூப் போட்டுட்டு, பெரிய ஸ்கூப் வெச்சிருந்த என் 50 ரேஞ்ச் கப்பலுக்குப் பின்னாலதான் வந்து சேர்ந்தார்.

இன்னொண்ணு, எல்லா நட்சத்திரத்துலயும் அள்ள முடியாது. கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் இந்த ஏழு வகைதான். பழுப்புக் குள்ளன்ல நின்னு எவ்வளவு நேரம் சுத்தினாலும் ஒரு சொட்டு கிடைக்காது. மேப்ல இந்த ஏழை மட்டும் வடிகட்டி வெச்சுக்குங்க தம்பி. மறந்துட்டு மாட்டிக்கிட்டா ஃப்யூல் ராட்ஸை கூப்பிடுங்க. ஆட்டக்காரர்களே சேர்ந்து நடத்துற குழு, எரிபொருள் தீர்ந்தவங்களைத் தேடி வந்து ஊத்திட்டுப் போவாங்க. ஆக்சிஜன் ஓட ஆரம்பிச்சா முதல்ல கேமை விட்டு மெனுவுக்கு வெளிய வந்துடுங்க, அப்புறம் கூப்பிடுங்க. நான் ஒருதடவை கூப்பிட்டிருக்கேன். திட்டவே இல்ல, அதுதான் ஆச்சரியம்.

#11 காட்மியம்

நான் எலைட் ஆடுறதில்ல, நோ மேன்ஸ் ஸ்கை. அங்க விஷயம் கொஞ்சம் தலைகீழ். ஒரு வார்ப்புக்கு (அங்க தாவலுக்கு அதான் பேரு) ஆகுற எரிபொருள் தூரத்தைப் பொறுத்தது இல்ல. பக்கத்து நட்சத்திரத்துக்குப் போனாலும் ரேஞ்சோட கடைசி முனைக்குப் போனாலும் ஒரே செலவு. அதனால அங்க ரேஞ்ச் ஏத்துறது நேரடியா எரிபொருள் மிச்சம். ஸ்கூப்ராணி சொன்ன சிக்கன வழிங்கிற பேச்சே கிடையாது.

ஆனா ரேஞ்ச் மட்டும் இருந்தா எல்லா இடத்துக்கும் போயிட முடியாது. மஞ்சள் நட்சத்திரத்துக்கு சாதா ஹைபர்டிரைவ் போதும். சிவப்புக்கு காட்மியம் டிரைவ், பச்சைக்கு எமெரில், நீலத்துக்கு இண்டியம். நான் ஆரம்பத்துல வார்ப் மாட்யூலா வாங்கி வாங்கிச் சொருகிட்டு, ஒரு சிவப்பு நட்சத்திரம் ரேஞ்சுக்குள்ளயே இருந்தும் ஏன் போகமாட்டேங்குதுன்னு அரைமணி நேரம் முட்டிக்கிட்டேன். பேரு வந்த கதை அதுதான்.

அப்புறம் ஸ்பேஸ் ஸ்டேஷன் டெலிபோர்ட்டர், போர்ட்டல் எல்லாம் வந்தப்புறம் ஒருதடவை போன இடத்துக்குத் திரும்பப் போக ரேஞ்சே தேவையில்ல. புது இடம் தேடுறவங்களுக்கு மட்டும்தான் அது.

#12 கருந்துளை

ஸ்டார்ஃபீல்டையும் சேர்த்துக்குங்க. 2023ல வந்தது. கிராவ் டிரைவ் ரேஞ்ச் அதிகபட்சம் 30 ஒளியாண்டு. அங்கயும் எடைதான் எமன். சரக்கு அறையா ஒட்டிக்கிட்டே போனா ரேஞ்ச் சுருங்கும். ஆனா ஒவ்வொரு தாவலுக்கும் அப்புறம் எரிபொருள் தானா நிரம்பிடும். அதனால அங்க ரேஞ்ச்ங்கிறது ஒரு வாசல்சாவி மட்டும். தொடக்கத்துல தூரத்து நட்சத்திரங்களுக்கு வழி அடைச்சிருக்கும், டிரைவை மாத்தினா திறக்கும். திறந்ததுக்கப்புறம் ரேஞ்சைப் பத்தி நான் ஒருநாளும் யோசிச்சதில்ல. எரிபொருள் தீர்ந்து நடுவழியில நிக்கிற பயமே இல்லாத ஊர்ல ரேஞ்சுக்கு என்ன மரியாதை?

#13 மூன்றாம்பிறை

இப்பதான் நீங்க என் பக்கத்துக்கு வர்றீங்க கருந்துளை. "வாசல்சாவி"ன்னு நீங்களே சொன்னீங்க. நான் முதல் நாள்லேருந்து அதைத்தான் சொல்ல வந்தேன், ரெண்டு வரியில சொன்னதால தீர்ப்புன்னு கிண்டல் பண்ணிட்டீங்க. இந்தத் தடவை நீளமாவே எழுதறேன்.

உங்க கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. தூரம் வகுத்தல் ரேஞ்ச், பெருக்கல் 50 விநாடி. அது நட்சத்திரங்கள் அடர்த்தியா இருக்கிற இடத்துக்கு. கொலோனியா வழி முழுக்க அடர்த்திதான், பிரச்சினை இல்ல. ஆனா பால்வழியோட விளிம்புக்குப் போங்க. சுழல்கரத்துக்கும் கரத்துக்கும் நடுவுல இருக்கிற இருட்டுக்குப் போங்க. தட்டுக்கு மேலயோ கீழயோ ஏறிப் பாருங்க. அங்க அடுத்த நட்சத்திரம் 43 ஒளியாண்டுல இருக்கும், உங்க ரேஞ்ச் 40 ஆயிருக்கும். அப்ப உங்களுக்கு மூணு ஒளியாண்டு குறைவுன்னா "கொஞ்சம் நேரம் கூட ஆகும்"னு அர்த்தம் இல்ல. போகவே முடியாதுன்னு அர்த்தம். சரக்குமூட்டை சொன்ன அதே படிக்கட்டு, ஆனா இந்தப் படிக்கு அந்தப் பக்கம் வேற வழியே இல்ல.

நான் ஒருதடவை விளிம்புல ஒரு மங்கலான நட்சத்திரத்துல மூணு நாள் சிக்கினேன். முன்னாடி 49 ஒளியாண்டுல ஒண்ணு. எனக்கு 46. மேப்பைத் திருப்பித் திருப்பி, மேலேருந்து கீழேருந்து, எந்தக் கோணத்துல பார்த்தாலும் வேற படிக்கல் இல்ல. கைக்கெட்டினது வாய்க்கெட்டாத கொடுமை. வந்த வழியே நாற்பது தாவல் திரும்பிப் போய்ச் சுத்தி வந்தேன்.

அதனால ரேஞ்ச் நேரத்தை மிச்சப்படுத்துற விஷயம் இல்ல. வரைபடத்துல எவ்வளவு உனக்குச் சொந்தம்ங்கிற விஷயம்.

#14 ஒத்தையடிப்பாதை

மூன்றாம்பிறை நீளமா எழுதினா இவ்வளவு நல்லா எழுதுவார்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே.

ஆனா ஒரு எதிர்வாதம். சூரியனிலிருந்து 65,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிற பீகிள் பாயிண்டுக்கு 2016 ஜனவரியில ஒரு பெரிய கூட்டமே கிளம்பிப் போச்சு, முதல் டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் பயணம். என்ஜினியர்கள் கேம்ல வந்ததே அந்த வருஷம் மே மாசம்தான். அதாவது இன்னிக்கு நாம "குறைவு"ன்னு சொல்ற ரேஞ்சை வெச்சுக்கிட்டுப் பால்வழியோட மறுகரைக்குப் போனாங்க. எப்படி? தாவலுக்கு முன்னாடி மெட்டீரியல் கரைச்சு என்ஜினுக்கு ஊசி போடுறது. அடிப்படை ஊசி 25 சதவீதம் கூட்டும், நடுத்தரம் 50, உயர்தரம் ஒரு தாவலுக்கு இரட்டிப்பு. உங்க 46க்கு அடிப்படை ஊசி ஒண்ணு போட்டிருந்தா 57. நாற்பது தாவல் திரும்பியிருக்க வேண்டாம்.

#15 மூன்றாம்பிறை

மெட்டீரியல் இருந்திருந்தா போட்டிருக்க மாட்டேனா? கப்பல்ல எடை கூடும்னு தரைவண்டியைக் கழட்டி வெச்சுட்டுப் போயிருந்தேன். பாறை உடைச்சுச் சேர்க்க வழியில்ல.

#16 நத்தைவேகம்

ஹா ஹா ஹா. வாங்க, நம்ம கட்சி.

#17 சரக்குமூட்டை

நியூட்ரான் நட்சத்திரத்தை யாரும் சொல்லலையே? அதன் வால்ல நுழைஞ்சு என்ஜினை ஏத்திக்கிட்டா அடுத்த ஒரு தாவலுக்கு ரேஞ்ச் நாலு மடங்கு. 31 வெச்சிருக்கிற தம்பிக்கும் 124. வெள்ளைக் குள்ளன்னா ஒண்ணரை மடங்குதான், அதுக்காக அந்த ஆபத்து வேணாம். வால் ரொம்ப நெருக்கமா நட்சத்திரத்தோட ஒட்டியிருக்கும்.

#18 கருந்துளை

நியூட்ரான் வழி என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்குது. ஆனா நேர்மையாச் சொல்றேன், பெருக்கல்ங்கிறதால அடிப்படை ரேஞ்ச் கூட இருக்கிறவனுக்குத்தான் லாபமும் கூட. 65 இருந்தா 260. அப்புறம் ஒவ்வொரு தடவையும் என்ஜின் கொஞ்சம் அடிபடும், பழுதுபார்க்கிற யூனிட் ஒண்ணு கூடவே வெச்சுக்கணும். வாலோட விளிம்புல நுழைங்க, நடுவுல போனா கப்பல் உருண்டு புரண்டு சூப்பர்குரூஸை (சிஸ்டத்துக்குள்ள போற அதிவேக ஓட்டம்) விட்டு வெளிய விழும். முதல் தடவை எனக்கு வியர்த்தது உண்மை.

#19 கதவுக்காரன்

நான் இங்க வாசிக்க மட்டும் வர்றவன், ஈவ் ஆன்லைன் பழைய ஆட்டக்காரன். ரேஞ்சைக் கூட்டுறது எப்பவும் நல்லதுன்னு எல்லாரும் எடுத்துக்கிறீங்க, அதனால எழுதறேன்.

ஈவ்ல பெரிய போர்க்கப்பல்களுக்கு ஜம்ப் டிரைவ் உண்டு. ஒரு காலத்துல அந்த ரேஞ்ச் அவ்வளவு நீளம், பெரிய கூட்டணிகள் வரைபடத்தோட ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஒரே சாயங்காலத்துல படையை இறக்கிடும். நீங்க எங்கயோ ஒதுக்குப்புறத்துல சின்னச் சண்டை ஆரம்பிச்சாக்கூட, பத்து நிமிஷத்துல யாரோ ஒரு ஜாம்பவான் தலைமேல வந்து நிப்பான். இடம் பெருசு, ஆனா உலகம் சின்னதாயிடுச்சு. 2014 நவம்பர்ல ஃபீபி அப்டேட்ல அவங்களே பெரும்பாலான பெரிய கப்பல்களோட ரேஞ்சை 5 ஒளியாண்டுக்கு வெட்டினாங்க. அடிக்கடி தாவினா அடுத்த தாவலுக்குக் காத்திருக்கணும்னு "ஜம்ப் களைப்பு"ங்கிற ஒண்ணையும் கொண்டு வந்தாங்க. அன்னிக்குப் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமில்ல. எனக்கும் கோபம்தான், மாசக்கணக்கா அந்த ஸ்கில்லை ஏத்தி வெச்சிருந்தேன். ஆனா அதுக்கப்புறம்தான் எல்லைப்பகுதின்னு ஒண்ணு மறுபடி எல்லைப்பகுதியா இருந்தது.

தனியாச் சுத்துற கேம்ல இது பொருந்தாதுன்னு சொல்லலாம். பொருந்தும்னு நான் நினைக்கிறேன். எல்லாமே ஒரு எட்டுல இருந்தா "தூரம்"னு சொல்ல என்ன மிச்சம்?

#20 ஸ்கூப்ராணி

கதவுக்காரன் ஐயா, அடிக்கடி எழுதுங்க.

நீங்க சொன்னது எனக்கும் நடந்தது. ரேஞ்ச் 34 இருந்தப்ப வழியில ஒவ்வொரு சிஸ்டத்துலயும் நின்னு பார்ப்பேன். 68 ஆனதும் வெறும் நட்சத்திரம், அள்ளு, தாவு, நட்சத்திரம், அள்ளு, தாவு. ஒரு மாசப் பயணத்துல ஒரு படம்கூட எடுக்கல. ஆனா அதுக்கு ரேஞ்சைக் குத்தம் சொல்லலாமா, என் அவசரத்தைச் சொல்லலாமான்னு தெரியல.

#21 கருந்துளை

இடையில ஒரு சின்னக் குறிப்பு, ஜம்ப் ரேஞ்ச் எதுக்குமே உதவாத இடமும் இருக்குன்னு சொல்லி வெச்சுக்கிறேன். ஆல்ஃபா சென்டாரியில ஹட்டன் ஆர்பிட்டல். இறங்குற நட்சத்திரத்திலிருந்து 0.22 ஒளியாண்டு. ஒரே சிஸ்டத்துக்குள்ள இருக்கிறதால தாவ முடியாது, சூப்பர்குரூஸ்ல ஓட்டித்தான் தீரணும், சாதா என்ஜின்ல ஒரு மணி நேரத்துக்கு மேல. உங்க ரேஞ்ச் 8 ஆ இருந்தாலும் 80 ஆ இருந்தாலும் அதே ஒரு மணி. 2024ல வந்த எஸ்சிஓ என்ஜின் அந்த ஓட்டத்தை வேகப்படுத்துது, எரிபொருளைக் குடிச்சுக் கப்பலைச் சூடாக்கி. மிஷன் எடுக்கும்போது தாவல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எடுக்கிறவங்க கவனிங்க.

#22 பால்வழிப்பயணி

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். நான் எடுத்த முடிவு இது:

கார்டியன் பூஸ்டர் இப்ப வேணாம். அது 10.5 ஒளியாண்டு அப்படியே கூட்டும்னு தெரியும், ஆசையாத்தான் இருக்கு, ஆனா திரும்பி வந்ததும் பார்த்துக்கலாம். டி ரேட்டிங் வைத்தியத்தை நேத்து ராத்திரியே பண்ணிட்டேன், 35 ஆயிடுச்சு. ஷீல்டைக் கழட்டல, நத்தைவேகம் அண்ணா கதை படிச்சதுக்கப்புறம் தைரியம் வரல. தரைவண்டியும் உள்ளேயே இருக்கு. ஸ்கூப் பெருசு. ஃபார்சியர் கிட்ட மட்டும் போகப்போறேன், அதுவும் அஞ்சு கிரேடு மேம்பாட்டுல மூணாவது கிரேடு வரைக்கும்தான். அந்த அபூர்வ டேட்டா அஞ்சாவது கிரேடுக்குத்தான் வேணும்னு பார்த்தேன், அதைத் தேடி அலையல.

மெட்டா அலாய்க்கு மாயா சிஸ்டம் வரைக்கும் போகணும்ங்கிறதுதான் சிரிப்பா இருக்கு. ரேஞ்சை ஏத்த, ரேஞ்ச் இல்லாத கப்பல்ல சில நூறு ஒளியாண்டு.

#23 ஒத்தையடிப்பாதை

கிளம்புறதுக்கு முன்னாடி வழியில சேர்த்த ஸ்கேன் டேட்டாவை ஃபார்சியரோட தளத்துலயே வித்துடுங்க. அவங்களோட உங்க மதிப்பு ஏறும், கிரேடு சீக்கிரம் திறக்கும். வேற எங்கயும் வித்துடாதீங்க.

#24 மூன்றாம்பிறை

மூணாவது கிரேடோட நிறுத்துறது தப்பு. ஆனா உன் கப்பல், உன் இஷ்டம். போற வழியைப் பதிவு பண்ணு.

#25 பால்வழிப்பயணி

ஒன்பது நாள் கழிச்சு எழுதறேன். ரேஞ்ச் 46. இதுவரை 212 தாவல். வழியைவிட்டு விலகி, தட்டுக்குக் கொஞ்சம் மேல ஏறி ஒரு நெபுலாவைப் பார்க்கப் போனேன், அதனால கொலோனியா கணக்கெல்லாம் குழம்பிடுச்சு. இன்னும் பாதிகூட ஆகல. அவசரமும் இல்ல.

இப்ப மூன்றாம்பிறை அண்ணா சொன்ன இடத்துலயே வந்து நிக்கிறேன். நெபுலா விளிம்புல ஒரு நீல நட்சத்திரம், 54 ஒளியாண்டு. பேரே யாரும் போடல. மேப்ல கோடு சாம்பல் நிறமாவே இருக்கு. நேத்து மூணு மணி நேரம் வேற வழி தேடினேன், இல்ல.

ஊசி போடலாம்னு பார்த்தா வனேடியம் இருக்கு, கார்பன் இருக்கு, ஜெர்மேனியம் மட்டும் இல்ல. எங்க தேடுறது?

#26 மூன்றாம்பிறை

தரைவண்டி இருக்கில்ல? அதே சிஸ்டத்துல இறங்கக்கூடிய பாறைக்கிரகம் எதாவது இருக்கான்னு பாரு. ஸ்கேன் பண்ணினா என்னென்ன தனிமம் எத்தனை சதவீதம்னு பட்டியல் வரும், ஜெர்மேனியம் இருக்கிறதைத் தேர்ந்தெடு. இறங்கி வண்டியை எடுத்து, அலைவரிசைக் காட்டியைப் பார்த்துக்கிட்டே பாறைங்களை உடை. ஒண்ணு கிடைச்சா போதும்னு நினைக்காத, திரும்பி வர்றதுக்கும் ஒண்ணு வேணும்.

#27 நத்தைவேகம்

இறங்குறதுக்கு முன்னாடி ஈர்ப்பைப் பாரு தம்பி!

#28 பால்வழிப்பயணி

0.14 ஜி. பார்த்துட்டுத்தான் இறங்கறேன்.